சீட்டு தெரிகிறது, பெட்டி திறக்கவில்லை: எழுத்து விளையாட்டில் கொள்கலப் பெயர்களின் பிழை நீக்கம்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவின் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஓர் எழுத்து விளையாட்டை நடத்திவருகிறோம். அதில் படமும் கிடையாது, ஒலியும் கிடையாது. திரையில் வரும் வரிகளைப் படித்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து, ஒரு பண்ணை வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள வயல்களிலும் நம் பாத்திரத்தை நடமாடவைக்க வேண்டும். 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற விளையாட்டின் வழிவந்த வகை இது. முதலில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிகுமட் குடும்பத்து நிரல் ஒன்றில் ஓட்டினோம். பிறகு பைத்தான் மொழியில் அமைந்த எவெனியா என்ற நிரலுக்கு மாறி, கட்டளைகளையும் தமிழாக்கிக்கொண்டோம்.

இதில் கிடங்குப் பொறுப்பு என்னுடையது. பத்தாயம், குதிர், கோணி மூட்டைகள், அடுக்குப்பானை, அஞ்சறைப்பெட்டி, பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட கொள்கலங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டியவன் நான். அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒருமுறையாவது தவறாக எழுதித் திருத்தியவனும் நான்தான். ஆட்டத்துக்கு வருபவர்கள் கொண்டுவரும் குறைகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம். ஆனால் அடுத்து வரும் ஒரு பத்தியை மட்டும் தவிர்க்க வேண்டாம், ஏனெனில் மற்ற பகுதிகள் எல்லாம் அதை நம்பியே நிற்கின்றன.

எழுத்து விளையாட்டில் ஒரு பெட்டிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மனிதர் படிப்பதற்கானது ஒன்று. அதை இங்கே சீட்டு என்கிறேன். கட்டளை வந்ததும் நிரல் தேடிப் பார்ப்பது மற்றொன்று. அதை அழைபெயர் என்கிறேன். பள்ளிப் பதிவேட்டில் சுப்பிரமணியன் என்று இருக்கும் பிள்ளையைத் தெருவில் மணி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான் என்பதைப் போன்றது இது. டிகுமட் குடும்பத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அழைபெயர்களின் பட்டியல் தனியாகவும், திரையில் காட்டும் குறுவிவரம் தனியாகவும் சேமிக்கப்படும். எவெனியாவில் முதன்மைப் பெயரும் மாற்றுப்பெயர்களும் தேடலுக்கு உரியவை. ‘பார்’ என்று கேட்டால் வரும் விவரணை படிப்பதற்கு மட்டுமே. நீங்கள் ஒட்டிய சீட்டு இவற்றில் எந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளாமல் வேறு எதையும் திருத்தத் தொடங்காதீர்கள்.

அறிகுறி: சீட்டு கண்ணுக்குத் தெரிகிறது, கட்டளையில் அதே பெயரைச் சொன்னால் ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று வருகிறது

“அண்ணே, பானை தெரியுது, உள்ள உளுந்து இருக்குன்னும் தெரியுது, எடுன்னா மட்டும் இல்லைங்குது” என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்வார். பெரும்பாலும் சீட்டு விவரணையில் மட்டும் எழுதப்பட்டு, அழைபெயர் பழையபடியே ‘பானை’ என்று நிற்கும். சோதிப்பது எளிது. சீட்டில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கொள்கலத்தின் பொதுப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். ‘பானை’ என்றால் திறக்கிறது, ‘உளுந்து’ என்றால் திறக்கவில்லை என்று ஆனால் சிக்கல் இதுதான். சீட்டில் உள்ள முக்கியச் சொல்லை மாற்றுப்பெயராகவும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. டிகுமட் வகையில் ஆட்டக்காரர் தாமே இதைச் செய்ய முடியாத இடங்கள் உண்டு. அங்கே நிர்வாகியிடம் ‘குறுவிவரத்தை மாற்றுங்கள்’ என்று மட்டும் கேட்காமல், ‘அழைபெயர்ப் பட்டியலிலும் சேருங்கள்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். நிர்வாகி முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்பது வழக்கம். நானும் மறந்திருக்கிறேன்.

அழைபெயர் சரியாக இருந்தும் இதே பதில் வந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது வேற்றுமை உருபு. ஆங்கிலக் கட்டளைகளுக்காக எழுதப்பட்ட நிரலுக்குத் தமிழ்ச் சொல் உருபு ஏற்கும் என்பதே தெரியாது. நாம் இயல்பாக ‘பத்தாயத்தில் போடு’ என்கிறோம். நிரல் ‘பத்தாயத்தில்’ என்ற பெயருடைய ஒரு பொருளைத் தேடிவிட்டு, இல்லை என்கிறது. எவெனியா முழுப்பெயர் பொருந்தாதபோது, நாம் தட்டிய எழுத்துகள் பெயரில் உள்ள ஏதாவது ஒரு சொல்லின் தொடக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கும். ஆகவே சொல்லைக் குறைத்துச் சொல்லலாம், கூட்டிச் சொல்ல முடியாது. ‘பத்தாய’ என்றால் பத்தாயம் கிடைக்கும், ‘பத்தாயத்தில்’ என்றால் கிடைக்காது. நாங்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டோம். முதலாவது, உருபே வேண்டாத வகையில் ‘போடு உளுந்து = பத்தாயம்’ என்று சமக்குறி இட்டு எழுதும் கட்டளை வடிவம். இரண்டாவது, அதிகம் புழங்கும் கொள்கலங்களுக்கு மட்டும் ‘பானையில்’, ‘பெட்டியில்’, ‘குதிரில்’, ‘பத்தாயத்தில்’ ஆகியவற்றையும் மாற்றுப்பெயர்களாகச் சேர்ப்பது. உருபுகளை நிரலே வெட்டிப் புரிந்துகொள்ளும்படி எழுதவும் முயன்றோம். ‘ஐ’ உருபை வெட்டப்போய், ‘பானை’, ‘மூட்டை’ ஆகியவற்றின் கடைசி எழுத்தையும் அது தின்றுவிட்டதால் கைவிட்டோம்.

உருபுக்கு அடுத்தது புணர்ச்சி. ‘மிளகாய்ப்பெட்டி’ என்று சேர்த்து எழுதினால் நிரலுக்கு அது ஒரே சொல். அதற்குள் இருக்கும் ‘பெட்டி’யைச் சொல்லித் தேடினால் அகப்படாது. ‘மிளகாய்ப் பெட்டி’ என்று இடம் விட்டு எழுதினால் இரண்டு சொற்களாலும் அழைக்கலாம். ‘மிளகாய்’ என்பது ‘மிளகாய்ப்’ என்பதன் தொடக்கமாக இருப்பதால் ஒற்று மிகுந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் சொல்லின் உருவமே மாறும் இடங்களில் இது உதவாது. ‘உளுத்தம் பானை’ என்று சீட்டு எழுதிவிட்டு ‘உளுந்து’ என்று அழைத்தால் வராது. ‘துவரம் பருப்பு’ என்று எழுதிவிட்டு ‘துவரை’ என்றாலும் வராது. கடையில் பேசும் வழக்கில் சீட்டை எழுதுங்கள், தனித்த சொல்லை மாற்றுப்பெயராக வையுங்கள். இலக்கணம் பார்த்து ஒற்றுப் போடுவது நல்ல பழக்கம்தான், அதற்காக யாரும் பட்டினி கிடக்கக் கூடாது.

அறிகுறி: எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகிறது; இருந்தும் பொருந்தவில்லை

இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்த வகை. திருவாரூரிலிருந்து ஆடும் ஒரு தம்பி எழுதிய ‘கோணி’ என்ற சீட்டை அவரால் அழைக்க முடிந்தது, மற்றவர்களால் முடியவில்லை. இரண்டு ‘கோணி’களும் கண்ணுக்கு ஒன்றே. காரணம் யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைக் குறியீடுகளாகச் சேமிக்கும் பொதுமுறையில், இருக்கிறது. ‘கோ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் நிற்கும் இரட்டைக்கொம்பும் பின்னால் நிற்கும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். ‘ஒ’, ‘ஓ’, ‘ஔ’ ஆகிய மூன்று உயிர்களின் குறிகளுக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. எந்த விசைப்பலகை எதை அனுப்பும் என்பதை ஆட்டக்காரரிடம் கேட்டு அறிய முடியாது. அவருக்கே தெரியாது.

முதலில் இந்த நோய்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சீட்டில் உள்ள பெயரைக் கையால் தட்டாமல், திரையிலிருந்து நகலெடுத்துக் கட்டளையில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் திறக்கிறது, தட்டினால் திறக்கவில்லை என்றால் குறியீடுதான் வேறுபடுகிறது. ஆட்டக்காரராக நீங்கள் செய்யக்கூடியது, ஒகரமும் ஓகாரமும் வராத ஒரு மாற்றுப்பெயரைச் சேர்ப்பது. ‘கோணி’க்குச் ‘சாக்கு’ என்று ஒன்று சேர்த்துவிட்டால் அன்றைய ஆட்டம் நடக்கும். நிர்வாகியாக இருந்தால், உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும், இப்படி இரண்டாகப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் ‘என்.எஃப்.சி.’ வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகே தேடலுக்கு அனுப்புங்கள். பைத்தானில் இதற்கென்றே ஆயத்தமான செயற்கூறு இருக்கிறது, ஒரே வரி வேலை. ஏற்கெனவே சேமித்துவைத்த பெயர்களையும் ஒருமுறை இதே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். வாசலில் வருவதை மட்டும் திருத்திவிட்டுக் கிடங்கில் இருப்பதை மறந்தால், நேற்றுவரை கிடைத்த பெட்டிகளும் இன்று கிடைக்காமல் போகும்.

இந்த மருந்துக்குக் கட்டுப்படாத ஒன்றும் உண்டு. எங்கள் வைத்தியர் வீட்டில் ‘ஔடதப் பெட்டி’ ஒன்று இருக்கிறது. ‘ஔ’ என்ற எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் ‘ஒ’ போட்டு, அதன்பின் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு அது ‘ஔ’வாகவே நிற்கும். ஆனால் அது உண்மையிலேயே வேறு எழுத்துகளால் ஆன வேறு சொல் என்பதால் என்.எஃப்.சி. அதைத் தொடாது. ‘கௌ’, ‘பௌ’ முதலியவற்றிலும் இதே கதைதான். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் காலுக்குப் பதிலாக ‘ர’ போடுவதும் இந்தச் சாதிப் பிழையே. இவற்றை நிரலில் வெட்டி ஒட்டித் திருத்துவதைவிட, பெட்டிக்கு ‘மருந்து’ என்று மாற்றுப்பெயர் வைப்பது பாதுகாப்பானது. தமிழ் எண்களில் ஆசை கொண்டவர்களுக்கும் ஒரு சொல்: ௧ என்ற எண் ‘க’வைப் போலவும், ௨ என்பது ‘உ’வைப் போலவும், ௭ என்பது ‘எ’வைப் போலவும், ௮ என்பது ‘அ’வைப் போலவும் தோன்றும். மூட்டைகளுக்கு அழகாக ௧, ௨ என்று சீட்டு ஒட்டிய அக்கா ஒருவர், மறுநாள் ‘க’ என்று தட்டிவிட்டு, மூட்டை திருடுபோனதாகவே நம்பிவிட்டார்.

அறிகுறி: கேட்டது ஒரு பெட்டி, திறந்தது வேறொன்று

ஒரே அழைபெயரில் பல கொள்கலங்கள் இருக்கும்போது வருவது இது. டிகுமட் குடும்பத்தில் எண்ணும் புள்ளியும் இட்டு ‘2.பெட்டி’ என்றால், அந்தப் பெயரில் இரண்டாவதாக அகப்படும் பெட்டி என்று பொருள். பலர் இந்த எண்ணைப் பெட்டியின் நிலையான முகவரி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அன்றைய வரிசையில் அந்த நேரத்து இடம் மட்டுமே. அந்தக் குடும்பத்து நிரல்களில் கடைசியாக வந்த பொருள் பட்டியலின் தலையில் போய் நிற்கும். ஆகவே புதிதாக ஒரு பெட்டியைக் கையில் எடுத்தவுடனேயே, முன்பு 1 ஆக இருந்தது 2 ஆகிவிடும். மேலும் தேடல் முதலில் கையிருப்பைப் பார்த்துவிட்டுத்தான் அறையில் உள்ளதைப் பார்க்கும். தோளில் ஒரு ‘பெட்டி’ தொங்கிக்கொண்டிருந்தால், சுவரோரம் இருக்கும் பெட்டிக்குப் போட்டது எல்லாம் தோளுக்கே வந்துசேரும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க நான் பத்தாயத்தையே எடுத்துக்கொள்வேன். வீட்டுப் பத்தாயத்தில் நெல்லை மேலே கொட்டுகிறோம், அடியில் உள்ள சிறிய வாய் வழியாக எடுக்கிறோம். முதலில் போனது முதலில் வெளியே வருகிறது. டிகுமட்டின் பெட்டிக்கு அடிவாய் கிடையாது. மேலே போட்டதையே மேலிருந்து எடுக்கிறது. போன குறுவையின் மூட்டை அடியில் கிடக்க, நேற்றைய மூட்டையே மீண்டும் மீண்டும் கைக்கு வரும். உணவுப் பொருளுக்குக் கெடும் காலம் வைத்திருக்கும் விளையாட்டு என்றால், அடியில் உள்ளது உங்களுக்குத் தெரியாமலேயே புழுத்துப்போகும். பழையதை எடுக்க வேண்டுமானால் சீட்டிலேயே ‘குறுவை’, ‘சம்பா’, ‘தாளடி’ என்று பருவப்பெயரைச் சேர்த்து, அந்தப் பெயரைச் சொல்லி எடுங்கள். எண்ணை நம்பாதீர்கள்.

எவெனியா இந்த விஷயத்தில் நேர்மையானது. பல பொருள்கள் பொருந்தினால் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல், ‘பெட்டி-1, பெட்டி-2’ என்று வரிசையிட்டு எது வேண்டும் என்று கேட்கும். ஆனால் இதனாலேயே ஒரு புதிய பொறி உருவாகிறது. நீங்களே ஒரு பெட்டிக்கு ‘பெட்டி-2’ என்று பெயர் வைத்திருந்தால், நிரல் தரும் வரிசை எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் குழப்பம் வந்துவிடும். டிகுமட்டில் ‘2.பெட்டி’ என்றே பெயர் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். புள்ளிக்கு முன்னால் இருப்பதை எண்ணிக்கையாகவே அது எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பெயரால் அந்தப் பெட்டியை எட்டவே முடியாது. பெயரின் தொடக்கத்திலோ கடைசியிலோ எண் வேண்டாம். ‘கிழக்குப் பெட்டி’, ‘பரண் பெட்டி’, ‘தகரப் பெட்டி’ என்று இடத்தையோ உருவத்தையோ சொல்லும் சொல் போதும்.

அறிகுறி: சீட்டு பாதியில் அறுந்திருக்கிறது, அல்லது காலியாகவே இருக்கிறது, அல்லது கட்டம் கட்டமாகத் தெரிகிறது

மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் காரணங்கள் வேறு. முற்றிலும் காலியாக இருந்தால், நீங்கள் இருப்பது பழைய டிகுமட் வகைச் சேவையகம் என்று கொள்ளலாம். அதன் மூல நிரல்களில் உள்ளே வரும் வரியிலிருந்து ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள்) தவிர மற்றவற்றைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. நீங்கள் ‘நெல்’ என்று தட்டினாலும் அதற்குப் போய்ச்சேர்வது வெறுமைதான். நிரலைத் திருத்தும் உரிமை இல்லை என்றால், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதுவது தவிர வழியில்லை. அப்போது உளுந்துக்கு எந்த எழுத்துக்கூட்டல், ழகரத்துக்கு எந்த எழுத்து என்று குழுவாக முடிவெடுத்து ஓரிடத்தில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் அப்படி ஆடினோம். உளுந்துக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் புழங்கின. நான்கு பானைகள் இருப்பதாகவே சிலர் நம்பினார்கள்.

பாதியில் அறுந்திருந்தால் அளவுக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். புள்ளியும் தனிக் குறியீடு, உயிர்க்குறியும் தனிக் குறியீடு. ‘மூட்டை’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் 6 குறியீடுகள், 18 பைட். எங்கள் பழைய நிரல் சீட்டைப் பைட்டாக மாற்றிவிட்டு 32-இல் வெட்டியது. ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று நான் எழுதிய சீட்டில், சரியாகப் பத்துக் குறியீடுகளும் பாதி உடைந்த பதினோராவதுமாக ‘மாப்பிள்ளை’ என்ற சொல்லும் ஒரு கட்டமும் மட்டுமே மிஞ்சின. பத்தாயத்துக்குள் மாப்பிள்ளை ஒளிந்திருக்கிறார் என்று குழுவில் இரண்டு வாரம் சிரித்தார்கள். பைட்டுக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினாலும் முழுக்கச் சரியாகாது. ‘நெல்’லின் புள்ளி அறுந்து ‘நெல’ என்று நிற்கும், அழைத்தால் வராது. நிர்வாகிகள் வெட்டும் வேலையை விட்டுவிட்டு, நீளம் மிகுந்தால் ‘சீட்டு நீளமாக உள்ளது’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவதே தமிழுக்குப் பொருத்தமானது.

முழுச் சீட்டும் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிந்தால் பெட்டியில் குறை எதுவும் இல்லை, உங்கள் பக்கத்துச் செயலியில்தான் இருக்கிறது. மட்லெட் போன்ற செயலிகளின் அமைப்பில் சேவையகத் தரவின் குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 என்று மாற்றி, தமிழ் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் சம அகலக் கட்டத்தில் அடைக்கும் முனையங்களில் கொம்பும் காலும் விலகித் தெரியலாம். அது தோற்றக் குறை மட்டுமே, அழைத்தால் பெட்டி வரும். சீட்டுக்கு வண்ணம் கொடுத்த பிறகு பெட்டி அகப்படாமல் போனால், வண்ணக் குறி அழைபெயருக்குள் புகுந்திருக்கும். வண்ணத்தை விவரணையில் மட்டும் வையுங்கள், இறுதியில் இயல்பு நிறத்துக்குத் திரும்பும் குறியையும் இடுங்கள். இல்லாவிட்டால் மிளகாய்ப் பெட்டிக்குப் பின் வரும் தயிர்ப் பானைகூடச் சிவப்பாகவே தெரியும்.

அறிகுறி: நேற்று ஒட்டிய சீட்டு இன்று இல்லை

சேவையகம் நின்று மீண்டும் எழுந்த பிறகுதான் காணாமல் போயிற்றா என்று கேளுங்கள். ஆம் என்றால், சீட்டு நிலையான சேமிப்பில் எழுதப்படவில்லை. எவெனியாவில் தரவுத்தளத்தில் தங்கும் பண்புகளும் உண்டு, நினைவகத்தில் மட்டும் வாழ்ந்து மறுதொடக்கத்தில் அழிந்துபோகும் பண்புகளும் உண்டு. நிரல் எழுதியவர் ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டாவதைப் பயன்படுத்தியிருப்பார். டிகுமட் குடும்பத்தில் இது கிளைக்குக் கிளை வேறுபடும். ரோம் என்ற கிளை, மூல அச்சிலிருந்து (ஒரே வகைப் பொருள்கள் எல்லாம் பிறக்கும் வார்ப்பிலிருந்து) மாறுபட்ட பெயர்களை ஆட்டக்காரரின் கோப்பில் சேர்த்தே எழுதும். சர்க்கிள்மட் என்ற மற்றொரு கிளையின் பழைய கோப்பு வடிவம் பொருளின் எண்ணையும் சில மதிப்புகளையும் மட்டும் எழுதும் என்பதால், திரும்பி வரும்போது பெட்டி தன் பிறவிப் பெயருடன்தான் வரும். அத்தகைய இடத்தில் சீட்டு ஒட்டுவது ஆற்றுமணலில் எழுதுவது போன்றது. நிர்வாகியிடம் கேட்டு, அந்தப் பெயரிலேயே தனி அச்சு ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். ஆனால் பொது அச்சில் பெயரை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். அந்த அச்சில் பிறந்த ஊர்ப் பெட்டிகள் எல்லாம் உங்கள் ‘சீரகச் சம்பா’வாக மாறிவிடும்.

அறிகுறி: இடம் இருப்பதாகச் சீட்டு சொல்கிறது; பெட்டி வாங்க மறுக்கிறது

எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆக ஒரு கலம் 96 படி. எங்கள் பழைய ஆட்டத்தில் ஒரு படிக்கு ஓர் அலகு என்று கணக்கு வைத்து, கொள்ளளவு 96 என்று அமைத்து, ‘ஒரு கலம்’ என்று சீட்டும் எழுதினேன். 86 படியிலேயே அது நிறைந்துவிட்டது. சர்க்கிள்மட்டில் கொள்ளளவு என்பது பெட்டியின் சொந்த எடையையும் உள்ளடக்கியது, வெற்றுப் பெட்டியின் எடை 10 அலகு. கொள்ளளவுடன் பெட்டியின் எடையைக் கூட்டி அமைத்தால் சரியாகும். பெட்டிக்குள் பெட்டி வைத்திருந்தால் உள்பெட்டியின் எடையும் சேரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி: சீட்டில் ஒன்று, உள்ளே வேறொன்று

இதற்கு நிரலில் மருந்து இல்லை. சென்ற ஆண்டு எங்கள் ஆட்டத்தில் சம்பா முடிந்து நெல் வந்தபோது, இரண்டு மூட்டைகளுக்கும் நான் ‘நெல்’ என்றே சீட்டு ஒட்டினேன். ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றொன்று விதைக்கு. எனக்குத் தெரியும் என்பதே அப்போது போதுமானதாகத் தோன்றியது. நான் ஆட்டத்தில் இல்லாத ஓர் இரவு, சமையல் பொறுப்பில் இருந்தவர் முதலில் அகப்பட்ட மூட்டையை அவித்து, குத்தி, எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டார். அடுத்த பட்டத்துக்கு விதைக்க ஒரு மணி இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி ஆட்டத்தில் அறிவிக்கப்பட்ட அன்று, எல்லோர் வயலும் நடவுக்கு ஆயத்தமாக, எங்கள் நாற்றங்கால் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அதன்பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, அது எதற்கு, எப்போது எடுக்கலாம் என்பதையும் சீட்டில் எழுதத் தொடங்கினேன். ‘விதைநெல் — நாற்றங்காலுக்கு மட்டும்’ என்ற சீட்டைப் படித்த பிறகு யாரும் உலையில் போட மாட்டார்கள். விளையாட்டு இடம் கொடுத்தால் அந்த மூட்டைக்குப் பூட்டும் போடுங்கள். எவெனியாவில் எடுக்கும் உரிமையைப் பாத்திரம் வாரியாகக் கட்டுப்படுத்தலாம். மூட்டையிலிருந்து எடுப்பதற்கான தடையும், மூட்டையையே தூக்கிச் செல்வதற்கான தடையும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். முன்னதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தபோது, ஒருவர் பத்தாயத்தையே தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

ஏற்கெனவே குழம்பிக்கிடக்கும் கிடங்கை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால், சீட்டுகளைத் திருத்துவதில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு கொள்கலத்தையும் ‘பார்’ என்று கேட்டு, உள்ளே இருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டிக்குள் பெட்டி இருந்தால் அதையும் தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் வெளிப்பெட்டியைப் பார்த்தால் மேலடுக்கு மட்டுமே தெரியும். எங்கள் கிடங்கில் காணாமல் போன பித்தளைச் சாவி, பரண் பெட்டிக்குள் இருந்த சுருக்குப்பைக்குள் எட்டு மாதம் இருந்தது. தாளில் எழுதி முடித்த பிறகு, கலந்து கிடப்பவற்றைப் பிரித்து, இடம் மாற்றி, கடைசியாகச் சீட்டு எழுதுங்கள். எழுதியவுடன், அந்தப் பெட்டியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரை அழைத்து, ‘உளுந்து இரண்டு படி எடு’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் என்ன தட்டுகிறார் என்று பாருங்கள். அவர் முதலில் எந்தச் சொல்லைத் தட்டினாரோ, அது உங்கள் பட்டியலில் இல்லையென்றால், அதையும் மாற்றுப்பெயராகச் சேர்த்துவிடுங்கள்.